தேநீரில் கலந்த சொட்டு

தேயிலைக் கம்பெனியில் அவருக்கு ‘நாக்கு’ என்றுதான் பெயர். எதிரில் ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘நாக்கு’. “நாக்கு வந்தாச்சா?” என்று மேனேஜர் கேட்டால், ருசி பார்க்கிற அறை திறந்தாயிற்றா என்று அர்த்தம். அவருக்கும் இது தெரியும். ‘மூக்கு’ என்று வைக்காமல் விட்டார்களே, அதுவரைக்கும் சந்தோஷம் என்று இருந்துவிட்டார். அவர் மூக்கு அப்படி.

அந்த அறையில் வெயில் நேராக விழாத பக்கம் பெரிய ஜன்னல். அதை ஒட்டி நீள மேஜை. மேஜையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்தத் தூளின் மாதிரிப் பொட்டலம். அவர் கரண்டியில் கொஞ்சம் எடுத்து, பக்கத்து அறையில் தட்டச்சு செய்கிறவள் திடுக்கிடுகிற மாதிரி ‘சர்ர்’ரென்று உறிஞ்சுவார். வாய்க்குள் ஒரு சுற்று. பிறகு காலால் தள்ளிக்கொண்டே வருகிற சக்கரம் வைத்த தொட்டியில் துப்பல். அடுத்த கோப்பை. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் எந்தத் தூளை எதனோடு கலப்பது, எதை வாங்குவது, எதைத் திருப்பி அனுப்புவது எல்லாம் அந்தத் துப்பலில்தான் தீர்மானமாகும்.

முப்பது வருஷத்துக்கு மேல் நாள் முழுக்கத் தேநீரை வாயில் வைத்திருந்த மனிதர், அதில் ஒரு மடக்கு விழுங்கியதில்லை. வீட்டுக்கு வந்தாலும் வெந்நீர்தான் குடிப்பார். விழுங்கியதெல்லாம் அவர் மனைவி.

அது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லவேண்டும். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். வாயை நாள் முழுக்கக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர், வீட்டில் அதைத் திறக்க மாட்டார். அவளோ பேச்சுத் துணை இல்லாவிட்டால் வாடிப்போகிறவள். சுவரோடும் பாத்திரத்தோடும் எவ்வளவு நாள் பேசுவாள்? ஒருநாள் அவர் சட்டைப்பையில் ஒரு மாதிரிப் பொட்டலம் தவறி வந்துவிட்டது. அவள் அதைப் போட்டுக் குடித்துப் பார்த்தாள்.

“என்னங்க, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டியைக் கொதிக்க வச்ச மாதிரி இருக்கு. இதையா விக்கப் போறீங்க?”

அன்றைக்குக் காலையில்தான் அவர் அந்தத் தூளைக் காகித வாடை அடிக்கிறது என்று ஒதுக்கியிருந்தார். சிரித்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. விடுவாளா? மறுநாளும் ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொன்னாள்.

அதன் பிறகு அந்தப் பொட்டலம்தான் அவர்கள் குடும்பம் நடத்திய விதம். சாயங்காலம் அவர் வருவார், பொட்டலத்தை நீட்டுவார், அவள் போட்டுக் குடிப்பாள், ஏதாவது சொல்வாள். “இது பரணில வச்ச பழைய டிரங்குப் பெட்டி.” “இது பள்ளிக்கூட சாக்பீஸ்.” “இது நல்ல மனசுக்காரி, ஆனா முன்கோபம்.” அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதிலிருந்து அன்றைய கதை, ஆபீஸ் கதை, அக்கம்பக்கத்துக் கதை என்று பேச்சு நீளும். மகள் பிறந்து வளர்ந்து, பாங்க் வேலைக்குப் போய், கல்யாணமாகி நாலு தெரு தள்ளிக் குடிபோன பிறகும் அது நிற்கவில்லை. அவர் அவளுக்கு நகை நட்டு என்று எதுவும் பெரிதாக வாங்கிக் கொடுத்தவர் இல்லை. கொடுத்ததெல்லாம் தேயிலை.

அதிலும் நல்ல தேயிலை இல்லை. கொழுந்து இலையில் செய்த உசத்தி மாதிரிகள் வாங்குகிறவர்களுக்கும் மேனேஜர் வீட்டுக்கும் போய்விடும். மிஞ்சுவது முற்றின இலையில் செய்த மட்டத் தூள். கறுகறுவென்று இறங்கும், நாக்கைப் பிடித்து உலுக்கும். அவளுக்கு அதுதான் பிடித்துப்போயிற்று. பால் விடாமல், திக்காக, ஒரு பெரிய பிளாஸ்க் நிறையப் போட்டு வைத்துக்கொண்டு காலையிலிருந்து குடிப்பாள். தீர்ந்தால் இன்னொரு பிளாஸ்க். “நீங்க துப்புறதுக்கும் சேர்த்து நான் முழுங்கறேன்” என்பாள்.

போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது நாக்கின் ருசியையும் கொண்டுபோய்விட்டது. உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை. ருசி பார்க்கிறவனுக்கு நாக்கு போனால் கம்பெனி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கு முன்னால் இருந்தவரைக் கிடங்கில் மூட்டை எண்ண அனுப்பினார்கள். அந்த மனிதர் ஒரு வருஷம் தாங்கவில்லை. இவர் வெளியே மூச்சு விடவில்லை. மாதிரிகளைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவள் குடித்துக் குடித்துச் சொன்னாள். மறுநாள் அவர் அதையே தன் தீர்ப்பு மாதிரி ஆபீஸில் சொன்னார். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். “நாக்கு போச்சுன்னா நான் யாருமே இல்ல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது.” அவள் தலையைத் தடவிவிட்டாள். சில வாரங்களில் ருசி திரும்பிவிட்டது. அவர் அதை மறந்தும்விட்டார். அவள் மறக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முதுகு இறுகத் தொடங்கியது. முதலில் காலையில் எழுந்திருக்கும்போது. பிறகு எப்போதும். குனிய முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. “அலமாரி ஆயிட்டேன்டி. திரும்பணும்னா மொத்தமாத்தான் திரும்பணும்” என்று மகளிடம் சிரித்தாள். சிரித்தாளே தவிர, செருப்பு மாட்டுவதற்குள் கண்ணில் நீர் முட்டும். கழுத்தில் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே எலுமிச்சை அளவு ஒரு கழலை உண்டு. வலி கிடையாது, யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் கிடையாது.

அவர்தான் அவளை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். எக்ஸ்ரே எடுத்து அவள் உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்தபோது, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

“எலும்பு எவ்வளவு வெள்ளையா இருக்கு பாருங்க. கெட்டியா இருந்தா நல்லதுதானேன்னு தோணும். இது நல்லதில்ல, உடைஞ்சா சுலபமா உடையும். வீட்ல எந்தத் தண்ணி?”

“எல்லாருக்கும் வர்ற குழாய்த் தண்ணிதான்.”

“டீ குடிப்பாங்களா?”

“குடிப்பா.”

“எவ்வளவு?”

“நாள் முழுக்க.”

“என்ன மாதிரி டீ?”

அதைத்தான் அவரால் எவரைவிடவும் நன்றாகச் சொல்ல முடியும். முற்றின இலை, மட்டத் தூள், பால் கிடையாது, கொதிக்கக் கொதிக்க. சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

“தேயிலைச் செடி மண்ணுல இருக்கற ஃப்ளோரைடை எடுத்து இலையில சேர்த்து வச்சுக்கும். இலை முத்த முத்த அது அதிகம். சாதாரணமா குடிக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இவங்க மாதிரி வருஷக்கணக்கா, இவ்வளவு திக்கா, இவ்வளவு குடிச்சா, அது போய் எலும்புல உக்காந்துக்கும். டீயை நிறுத்துங்க. ஒரே நாள்ல சரியாகாது, ஆனா கொஞ்சம் கொஞ்சமா குறையும்.”

“வேற மருந்து இல்லையா டாக்டர்?”

“நிறுத்தறதுதான் மருந்து.”

அவள் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தாள். “என்ன சொல்றார்?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாய்ச் சொல். அவள் என்ன, கோபித்துக்கொண்டு மலை ஏறிப்போயிருப்பாளா? ‘சரி, இனிமே வெந்நீர்’ என்றிருப்பாள். ஆனால் அவருக்கு நாக்கு எழவில்லை. தான் அவளுக்குக் கொடுத்த ஒரே ஒரு பொருள் அவள் எலும்பைத் தின்றுகொண்டிருந்தது என்பதை எந்த வாயால் சொல்வது? பொட்டலத்தை நிறுத்திவிட்டால் சாயங்காலம் எதைப் பற்றிப் பேசுவது?

“வயசாச்சுன்னு சொல்றார்” என்றார்.

“அதைச் சொல்ல ஒரு டாக்டரா?” என்று அவள் சிரித்தாள். மனிதர் அந்தச் சிரிப்பையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பெனியில் பொட்டலம் கட்டும் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவருக்குப் பெயர் ‘ரேடியோ’. நிறுத்த முடியாது, ஸ்டேஷனும் மாற்ற முடியாது. செல்போனில் பார்க்கிற வீடியோ அத்தனையும் அவர் வாயில் மறு ஒலிபரப்பாகும். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஆள். அந்த மாதிரி ஆளிடம்தான் பயந்து இருக்கவேண்டும். சாப்பாட்டு இடைவேளையில் நாக்கு அவரிடம், யாருக்கோ என்கிற மாதிரி, ஃப்ளோரைடைப் பற்றிக் கேட்டார்.

“அட, அதுக்கு அயோடின் இருக்கே சார்! அது உள்ள போனா இது வெளிய வந்தாகணும். ரெண்டும் ஒரே பெஞ்சுல உக்காராது. வீடியோவுல ஒரு டாக்டரே சொல்றார்.”

“கெடுதல் ஒண்ணும் இல்லையே?”

“உப்புலயே போட்டு விக்கறாங்க. கெடுதல்னா விப்பாங்களா?”

“அப்ப டீ குடிக்கலாமா?”

“தாராளமா குடிக்கலாம். ஒரு பக்கம் உள்ள போகட்டும், ஒரு பக்கம் வெளிய போகட்டும்.”

உப்பில் போடுவது எவ்வளவு, புட்டியில் இருப்பது எவ்வளவு என்று ரேடியோவும் சொல்லவில்லை, நாக்கும் கேட்கவில்லை. எலும்பு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் புட்டியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பார். கேட்கத் தோன்றவில்லை. ‘டீ குடிக்கலாம்’ என்று ஒருவர் சொல்லிவிட்டாரே, அது போதும். மறுநாள் ரேடியோ ஒரு சின்னப் பழுப்புப் புட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். அடர்த்தியான அயோடின் கரைசல், சொட்டுச் சொட்டாக விடுவதற்கு ரப்பர் மூடி.

அவளிடம் கொடுத்துக் குடி என்றால் எதற்கு என்று கேட்பாள். ஆக, தேநீரில்தான் கலக்கவேண்டும். கறுப்புத் தேநீரில் நிறம் தெரியாது. ருசிதான் காட்டிக்கொடுக்கும். அதற்குத்தான் இவர் இருக்கிறாரே! ருசி அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு, வித்தையை முழுக்க இறக்கினார். ஒவ்வொரு தூளிலும் சொட்டு விட்டு உறிஞ்சினார், துப்பினார். நாக்கின் ஓரத்தில் இரும்பைத் தொட்ட மாதிரி ஒரு ருசி ஏறியது. லேசான தூளில் அது பல்லை இளித்தது. கடைசியில் புகை வாடையும் காரமும் உள்ள ஒரு முரட்டுத் தூளில் அது பெரும்பாலும் அமுங்கிப்போயிற்று. மெல்லிய ஓர் இழை மட்டும் மிச்சம். அது தன் நாக்குக்குத் தெரிகிறது, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தார். அத்தனை வருஷம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாரே, அந்த மனிதர்தான் இப்படி நினைத்தார்.

அன்று முதல் காலையிலும் சாயங்காலத்திலும் அவரே தேநீர் போட்டார்.

“இன்னிக்கு மழை கொட்டப்போகுது” என்றாள் அவள், நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தபடி. “அடுப்படி எந்தப் பக்கம்னு தெரியுமா உங்களுக்கு?”

“உனக்கு முடியல. நான் போட்டா என்ன? இது நல்ல தூள், பாத்துப் பாத்து எடுத்துட்டு வந்தேன்.”

அவள் ஒரு வாய் குடித்தாள். கோப்பை உதட்டிலேயே நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றாள். முழுவதையும் குடித்தாள்.

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. மறுநாளும் நல்லா இருக்கு. அதற்கு மறுநாளும் நல்லா இருக்கு. டிரங்குப் பெட்டி இல்லை, சாக்பீஸ் இல்லை, முன்கோபக்காரி இல்லை. அவள் ‘நல்லா இருக்கு’ என்பதோடு நிறுத்திக்கொண்டு, அவர் கையைப் பிடித்து லேசாக அழுத்துவாள். முதுகு வலியில் பேச்சு குறைந்துவிட்டது என்று அவர் எண்ணிக்கொண்டார். பேச்சு போய்விடக்கூடாதே என்றுதான் இந்தத் திருட்டு வேலையே செய்தார். அது கண் முன்னால் போய்க்கொண்டிருப்பது அவருக்கு உறைக்கவில்லை.

சில வாரங்களில் அவள் இளைத்தாள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்கும்போது இவள் ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டாள். பொத்தான் போடக் கை நடுங்கியது. ராத்திரி மார்பில் கை வைத்துக்கொண்டு, “உள்ள யாரோ மாடிப்படி ஏறி இறங்கிட்டே இருக்காங்க” என்றாள். ரேடியோவிடம் கேட்டார். “விஷம் வெளியேறும்போது அப்படித்தான் சார் ஆட்டி வைக்கும். நிறுத்திடாதீங்க, இன்னும் ரெண்டு சொட்டு கூட்டுங்க.” கூட்டினார். கை கூசாமல் கூட்டினார். அவளைக் காப்பாற்றுவதாகவே நம்பினார். இந்த ஒன்றுக்காக வேண்டுமானால் அவரை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம்.

மகள் வந்து பார்த்து ஆடிப்போனாள். “என்னப்பா இது, அம்மா பாதியா இருக்காங்க, நீங்க பாத்துக்கிட்டு சும்மா இருக்கீங்க?” என்று கத்திவிட்டு, அன்றைக்கே இரண்டு பேரையும் வேறு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வயதான அந்த டாக்டரம்மா நாடி பிடித்துப் பார்த்தார், கழுத்துக் கழலையைத் தடவினார், நடுங்குகிற விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

“ஏதாவது மாத்திரை, சத்து மருந்து, நாட்டு மருந்து சாப்பிடறீங்களா? அயோடின் சேர்ந்த எதுவும்?”

“ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றாள் அவள். “இவர் போடற டீதான்.”

அயோடின் என்ற சொல் அவர் காதில் அறைந்தது. டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். மகளும் திரும்பினாள். அவர் “ஒண்ணும் இல்ல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் புட்டியைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டார். பழுப்புக் கறை போகும் வரைக்கும் தேய்த்தார். நிறுத்தியாயிற்று, இனிமேல் தானாகச் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். உள்ளே போனது உள்ளேயே இருந்து வேலை செய்யும் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் காலை சொட்டு விடாத தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் ஒரு வாய் குடித்தாள். மறுபடியும் கோப்பை உதட்டில் நின்றது. இந்தத் தடவை அவள் கண் நிறைந்துவிட்டது.

“என்ன ஆச்சு? வலிக்குதா?”

“இல்லங்க. இன்னிக்குதான் டீ டீ மாதிரி இருக்கு.” அழுதுகொண்டே சிரித்தாள். “கொஞ்சம் திமிர் பிடிச்ச டீ. மாமியார் வீட்டுக்கு வந்த முதல் நாளே அதிகாரம் பண்ற மாதிரி.”

எத்தனையோ வாரம் கழித்து அவள் அப்படிப் பேசினாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அழுததற்குக் காரணம் வலிதான் என்று விட்டுவிட்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே அவள் குளியலறை வாசலில் விழுந்தாள். மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாரித்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து, மார்பில் கம்பிகளை ஒட்டி, திரையில் கோடு ஓடவிட்டார்கள். ஓடிய கோடு தாளம் தப்பித் தப்பி ஓடியது. அந்த வயதான டாக்டரம்மாவே வராந்தாவில் அப்பாவையும் மகளையும் நிறுத்தினார்.

“தைராய்டு எக்கச்சக்கமா சுரக்குது. அதுல இதயம் தாங்கல. இத்தனை வருஷம் சும்மா இருந்த கழலை திடீர்னு இப்படிக் கிளம்பாது. எக்கச்சக்கமா அயோடின் போனா கிளம்பும். மறுபடியும் கேக்கறேன். தெரிஞ்சா மருந்தை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தணும்.”

சுவரில் ஒரு குடும்பம் சிரிக்கிற படம் மாட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எலும்பு டாக்டர் சொன்னது, தான் மறைத்தது, புட்டி, சொட்டு, முரட்டுத் தூள் எல்லாவற்றையும். டாக்டரம்மா வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. புட்டியின் பெயரைக் கேட்டுக்கொண்டு விடுவிடுவென்று உள்ளே போய்விட்டார்.

மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

“அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப நான் பக்கத்துலதானே இருந்தேன்?”

“ஆமாம்மா.”

“ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே அப்பா.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“எங்கிட்ட பேசாதீங்க. உள்ள போய் அம்மாகிட்ட சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க.”

உள்ளே அவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். நர்ஸ் ஊசி போட்டுவிட்டுப் போனாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். சத்தத்தில் அவள் கண் திறந்தாள்.

“உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“உன் முதுகுக்கு வயசு காரணம் இல்ல. டீதான். நான் கொண்டுவந்த டீ. டாக்டர் அன்னிக்கே நிறுத்தச் சொன்னார். உங்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்கு மாத்துன்னு ஒரு மருந்து. அதை உன் டீயில கலந்தேன். உனக்குத் தெரியாம. அதான் உன்னை இப்படிப் படுக்க வச்சிருச்சு.”

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். மூச்சுக்கு நடுவில் கேட்டாள்.

“இரும்புச் சட்டியைச் சுரண்டிப் போட்ட மாதிரி இருக்குமே, அதுவா?”

“உனக்குத் தெரிஞ்சுதா?”

“முதல் வாயிலயே தெரிஞ்சுது.”

“பின்ன ஏன் சொல்லல? ஏன் குடிச்ச?”

“உங்க நாக்கு மறுபடியும் போயிடுச்சுன்னு நினைச்சேன்.” அவள் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். “இவ்வளவு கேவலமான தூளை நல்ல தூள்னு கொண்டுவந்து, நீங்களே போட்டு, எப்படி இருக்குன்னு ஆசையா பாக்கறீங்க. உங்களுக்கு ருசி தெரியலைன்னுதானே அர்த்தம்? அன்னிக்கு எப்படி அழுதீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னா நொறுங்கிப் போயிடுவீங்களே. ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுவரைக்கும் தெரியாமலே இருக்கட்டும்னு இருந்தேன்.”

அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப உங்க நாக்கு போகல?”

“இல்ல.”

“நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?”

“நிஜமா போகல.”

அவள் முகம் மலர்ந்தது. அந்த உடம்பில் அவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவர் கையைத் தேடிப் பிடித்து, அந்த வாரங்களில் அழுத்திய மாதிரியே அழுத்தினாள். “நல்ல வேளை” என்றாள். “எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா? ஒவ்வொரு நாளும் ஆபீஸ்ல யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னு. நல்ல வேளைங்க.” மருந்தைப் பற்றியோ, முதுகைப் பற்றியோ, இதயத்தைப் பற்றியோ அவள் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், தாளம் தப்பிய இதயத்திலிருந்து ஒரு ரத்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போயிற்று. டாக்டர்கள் ஓடி வந்தார்கள், செய்யவேண்டியதையெல்லாம் செய்தார்கள். சாயங்காலம் அவர் வழக்கமாகப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வருகிற நேரத்தில் அவள் போய்விட்டாள்.

அவர் அதற்குப் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. ரேடியோ ஒருமுறை வந்து வாசலில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சே வராமல், திரும்பிப் போனார். மகள் அப்பாவிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, பழைய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அப்படியே பல வாரம் ஓடின.

ஒருநாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டவள் வாசல் வரைக்கும் போய், அங்கேயே நின்றாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கு அம்மாகிட்ட சொன்னீங்களா, இல்லையா?”

“சொன்னேன்.”

“எல்லாத்தையும்?”

“எல்லாத்தையும்.”

“என்ன சொன்னாங்க?” அவள் குரல் உடைந்தது. “கோபப்பட்டாங்களா? நல்லாத் திட்டினாங்களா?”

திட்டினாள் என்று சொல்லிவிட அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது! அது இரண்டு பேருக்கும் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். ஆனால் இன்னொரு பொய்க்கு அவரிடம் வாய் இல்லை.

“இல்லம்மா” என்றார். “என் நாக்கு நல்லா இருக்குன்னு தெரிஞ்சு சந்தோஷப்பட்டா.”